டப்பாச் சபையும் அகதா மெழுகும்

அகதா தன் மெழுகை விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதில் வைத்து விற்பது என்று முடிவாகும் வரை விற்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

அது 1922ஆம் வருஷம். ரப்பர் விலை தரையைத் தொட்ட பிறகும், இன்னும் கீழே போக இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த காலம். மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸருக்கு மருந்து கலக்கிக் கொடுத்த அகதாவை, ஆள்குறைப்பில் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வீடும் தோட்டத்தினுடையது. ஆகவே அதையும் விட்டுவிட்டு, கிந்தா வட்டாரத்து ஈப்போவுக்கு வந்தாள்.

தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். தேன்மெழுகை உருக்கி, தேங்காய் எண்ணெய் விட்டு, வெண்காரம் கரைத்த பன்னீரைச் சூட்டோடு ஊற்றிக் கை ஓயாமல் கிண்டினால் வெண்ணெய் போலத் திரளும். முகத்தில் பூசினால் வெயிலில் வெந்த தோல்கூட ஒரு வாரத்தில் மனித நிறத்துக்கு வந்துவிடும். சீன முதலாளி தவுக்கே லியோங்கின் மளிகைக் கடை முன்னால், அஞ்சடி என்கிற கூரை போட்ட நடைபாதையில், ஒரு முக்காலியும் ஒரு பீங்கான் பேசினும் வைத்து உட்கார்ந்தாள். வாங்க வருகிறவர்கள் அவரவர் டப்பாவோடு வருவார்கள். பால் டின், சிகரெட் டின், ஒருத்தி கல்யாணத்துக்கு வந்த குங்குமச் சிமிழ். அகதா கரண்டியால் எடுத்து வைப்பாள். எல்லோரும் அதை அகதா மெழுகு என்றார்கள்.

ஆகஸ்டு மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. கிந்தா வட்டார முகப்பூச்சுக் கலச் சபையின் அங்கீகாரம் பெற்ற கலத்தில் அல்லாமல் எவரும் எந்த முகப்பூச்சையும் விற்கலாகாது என்று அதில் இருந்தது.

இந்தச் சபை பிறந்த கதை சிறியது. முந்தின வருஷம் ஒரு துரைசாணி, துருப்பிடித்த டின்னில் வாங்கிய பவுடரால் தன் கன்னம் தடித்துவிட்டதாக மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு குழு போட்டார்கள். குழு உட்கார நாற்காலிகள் வாங்கினார்கள். நாற்காலிகள் வந்துவிட்ட பிறகு எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை. ஊரில் அதற்கு டப்பாச் சபை என்று பெயர்.

அஞ்சடியில் பக்கத்து இடத்தில் வெற்றிலை விற்கும் காளியம்மா நோட்டீசைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னாவாம் லா?"

"மெழுகை விக்கிறதுக்கு முன்னாடி டப்பாவுக்கு உத்தரவு வாங்கணுமாம் அக்கா."

"டப்பாவுக்கா? டப்பா என்ன தப்பு பண்ணிச்சு?"

தவுக்கே லியோங்கும் வந்து பார்த்தார். அவர் சந்தையில் புழங்கும் பாசார் மலாயில் பேசியதன் சாரம் இதுதான்: சட்டம் சட்டம்தான். ஆனால் விற்காத ஆளுக்கு அஞ்சடியில் இடம் இல்லை. டிசம்பர் முதல் தேதி அகதா மெழுகு விற்றுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் ஐஸ்காரனுக்கு. ஐஸ்காரன் அன்று மாலையே வந்து இடத்தைச் சாணால் அளந்து பார்த்தான்.

அகதா ஒரு சின்ன பேசினில் மெழுகை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனாள். சபை, புது டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது.

தலைவர் அந்தோணிமுத்து ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இது நம்பர் ஒன், இது நம்பர் டூ, இது கழிவு என்று பிரித்தே வாழ்ந்தவர். வீட்டில் தோசையைக்கூட அப்படித்தான் பார்ப்பாராம். வலது பக்கம் ராமையா, ஈயச் சுரங்க ஆபீஸ்காரர். இடது பக்கம் செயலாளர் யேசுதாசன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வந்ததாகப் பதிவு இருக்கிறது.

அகதா பேசினை மேசைமேல் வைத்தாள். தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அம்மா, அதை மூடுங்க. மெழுகை நாங்க பாக்க மாட்டோம்."

"பாக்காம எப்படிங்கய்யா டப்பா தேர்ந்தெடுப்பீங்க?"

"பாத்தா மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும். இது கலச் சபை. கலத்தை மட்டும் பாக்கணும். மெழுகை எவன் வேணும்னாலும் செய்வான். அதுக்கு ஒரு டப்பா தேர்ந்தெடுக்கத்தான் மூளை வேணும். ஒரு மூளையால ஆகாதுன்னுதான் அஞ்சு பேரைப் போட்டிருக்காங்க."

"அஞ்சு பேருக்கும் சேத்து ஒரு மூளை," என்று ராமையா விளக்கினார்.

யேசுதாசன் எழுதினார்.

முதலில் கண்ணாடி. அகதா பினாங்கிலிருந்து வந்த பன்னிரண்டு பால்நிற ஜாடிகளைக் கொண்டுபோனாள். வாய் அகலம், மூடி மரை போட்டது, வெளிச்சம் உள்ளே புகாது, எண்ணெய் சீக்கிரம் காறாது. இதையெல்லாம் சொல்லலாம் என்று இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். தலைவர் ஒரு ஜாடியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"வெளிச்சம் தெரியல. நடுவுல ஈரம் நிக்குது. சரியா காயல."

"அது கண்ணாடிங்கய்யா. அது நிறமே அப்படித்தான்."

"முப்பது வருஷம் பாத்த கண்ணும்மா இது. இன்னும் நாலு நாள் புகையில போடணும்."

ஜாடிகள் நான்கு நாள், ரப்பர் ஷீட் உலர்த்தும் தோட்டத்துப் புகைவீட்டில் தொங்கிவிட்டுப் பழுப்பாகத் திரும்பி வந்தன. தலைவருக்குத் திருப்தி. அடுத்து விழும் சோதனை. முகப்பூச்சு வாங்கும் பெண் மாடியில் குடியிருக்கக்கூடும் என்பதால் ஜாடிகளை மாடி ஜன்னலிலிருந்து போட்டார்கள். யேசுதாசனின் குறிப்பு இப்படி இருந்தது: 'பதினோரு ஜாடிகள் போடப்பட்டன. பதினொன்றும் உடைந்தன. பன்னிரண்டாவதும் உடையும் என்று தலைவர் முன்கூட்டியே கணித்தார். கணிப்பு சரியாக அமைந்தது. தலைவருக்குச் சபை பாராட்டுத் தெரிவித்தது.'

கீழே துணிக்கடைக்காரர் செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டாவது தகரம். அன்று ராமையா எழுந்து நின்று பேசினார். அவர் எழுந்து நிற்பது அபூர்வம் என்பதால் தலைவரும் எழுந்துவிட்டார்.

"இந்தக் கிந்தா மண்ணைத் தோண்டி எடுத்த ஈயம் கப்பல் ஏறி சீமைக்குப் போகுது. அங்க தகரத்து மேல பூசிக்கிட்டு, ஜம்முனு டப்பாவா திரும்பி வருது. நம்ம பிள்ளைய சீமைக்கு அனுப்பி பாரிஸ்டர் படிக்க வச்ச மாதிரி. அதை நாம கைவிட்டா மண்ணு நம்மள மன்னிக்குமா?"

மண்ணின் மன்னிப்பைப் பெற ஆறு டப்பாக்களில் தண்ணீர் நிரப்பி மூடி, ரயிலில் தெலுக் ஆன்சனுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவேண்டிய விலாசத்தை எழுதச் சபை மறந்துவிட்டதால், டப்பாக்கள் அங்கேயே மூன்று வாரம் ஆற்றுக்காற்று வாங்கிக்கொண்டிருந்தன. வந்து சேர்ந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒழுகியிருக்கவில்லை. மூடியும் திறக்கவில்லை. ராமையா நகத்தால் முயன்றார். பிறகு பேனாக்கத்தியால். பிறகு பல்லால். அதன் பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"திருட்டுப் பயமே இல்ல," என்றார் தலைவர்.

"வாங்குறவங்களும் திறக்க முடியாதேங்கய்யா?" என்றாள் அகதா.

"திறந்தா காத்துப் படும். காத்துப் பட்டா மெழுகு கெட்டுப் போகும். திறக்காத வரைக்கும் உங்க மெழுகு கெடவே கெடாது லா. இதுக்கு மேல ஒரு டப்பாகிட்ட என்ன எதிர்பாக்குறீங்க?"

தச்சரைக் கூப்பிட்டு உளியால் பிளந்து பார்த்தார்கள். உள்ளே துரு செம்பருத்தியாகப் பூத்திருந்தது. துரைசாணியின் கடிதத்தில் வந்ததும் இதே துருதான் என்பதை யேசுதாசன் பழைய தாள்களைப் புரட்டிக் கண்டுபிடித்தார். தகரம் தள்ளிவைக்கப்பட்டது.

அகதா அன்று காளியம்மாவிடம் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் புரியல அக்கா. அக்டோபர் வந்திருச்சு. மூணு தடவை கிண்டின மெழுகு காறிப் போச்சு."

"நீ போய்க் கேளு. வாயைத் திறந்து கேளு. உன் வாயி என்ன அந்தத் தகர டப்பாவா?"

அகதா கேட்கப் போனபோது சபை அங்கே இல்லை. கோலா கங்சாருக்கு ஆய்வுப் பயணம் போயிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் மலாய்ப் பெண்கள் செய்யும் கறுப்பு மண்குடுவைகளை நேரில் பார்த்துவர. திரும்பி வந்து எழுதிய அறிக்கை பதினோரு பக்கம். அதில் ஒன்பது பக்கம் மதியச் சாப்பாட்டைப் பற்றியது. டுரியான் பழத்தைப் புளிக்க வைத்து ஆற்று மீனோடு காய்ச்சிய குழம்பைத் தலைவர் முதலில் மறுத்ததும், பிறகு மூன்று முறை கேட்டு வாங்கியதும் விவரமாக இருந்தன. மீதி இரண்டு பக்கத்தில் குடுவை. அதன் கழுத்து ஒல்லி. விரல் நுழையாது. 'விரல் நுழையாத காரணத்தால் பூச்சு மிகச் சிக்கனமாகச் செலவாகும்' என்று எழுதியிருந்தது. குடுவை தண்ணீரைக் குளிரவைப்பது அதன் உடம்பு வியர்ப்பதால் என்றும், எண்ணெயும் அப்படியே கசிந்து வெளியே வந்துவிடும் என்றும் அகதா சொல்லிப் பார்த்தாள்.

"கசிஞ்சா வெளியிலேருந்தே வழிச்சுப் பூசிக்கலாம். உள்ள விரலே விட வேண்டாம்," என்றார் தலைவர். ஆனாலும் அவர் மனம் வேறெங்கோ இருந்தது. குடுவையைக் கையெழுத்துப் போடாமலே ஒதுக்கிவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து, எதையோ துணியில் சுற்றி எடுத்தார்.

அது தேன்நிறத்தில் ஒரு ரப்பர் டப்பா. மூடியும் ரப்பர்.

"என் சொந்த யோசனை," என்றார். மூடியை ஒருதரம் தடவிக் கொடுத்தார். "நம்ம ஷீட்டு புகைவீட்டுல வாங்குவாரில்லாம தூங்குது. ஆனா உலகத்துல எத்தனை பொம்பளைங்க! எத்தனை கன்னம்! ஆளுக்கு ரெண்டு கன்னம்! ஒவ்வொரு மேசையிலயும் ஒரு ரப்பர் டப்பா. மெழுகு விக்குதோ இல்லையோ, ரப்பர் நிமிந்துரும். உங்க மெழுகு ஒரு சாக்கும்மா. நல்ல சாக்கு."

அகதாவால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஐயா, ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுங்க. ஆஸ்பத்திரில ரப்பர் குழாய்ல தேங்காய் எண்ணெய் பட்டுச்சுன்னா ஊதிப் பெருத்து, பிசுபிசுன்னு பிசின் மாதிரி ஆயிரும். டிரஸ்ஸர் திட்டுவாரு."

"அது குழாய்," என்றார் தலைவர். "இது டப்பா."

'குழாய்க்கும் டப்பாவுக்கும் உள்ள வேறுபாடு தலைவரால் விளக்கப்பட்டது' என்று யேசுதாசன் எழுதினார்.

"ஒரே ஒரு டப்பாவுல கொஞ்சம் மெழுகை வச்சு, ரெண்டு வாரம் பாருங்கய்யா. வேற எதுவும் கேக்கல."

"அங்கீகாரம் ஆகாத டப்பாவுல மெழுகு வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டம் போட்ட நாங்களே மீறலாமா? முதல்ல அங்கீகாரம். அப்புறம் மெழுகு."

ஆகவே தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள். ஒழுகவில்லை. வெயிலில் வைத்தார்கள். உடையவில்லை. மாடி ஜன்னலிலிருந்து போட்டார்கள். டப்பா தெருவில் விழுந்து, எழும்பி, துணிக்கடைப் பலகையில் மோதி, எதிரே கஞ்சி விற்கும் சீனரின் அண்டாவுக்குள் இறங்கியது. சீனர் அதை மேலே கொண்டுவந்து கொடுத்தார். 'எறிந்தாலும் எசமானரிடமே திரும்பி வரும் விசுவாசம் இந்தக் கலத்தின் தனிச்சிறப்பு' என்று தீர்மானம் நிறைவேறியது. ராமையாகூடக் கைதூக்கினார். பல்வலியில் கன்னத்தைப் பிடிக்கத் தூக்கிய கை என்று பிறகு சொன்னார்.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி அறிமுக விழா. இரண்டு வாரம் முன்பே ஐம்பது டப்பாக்களில் மெழுகை நிரப்பி, சபையின் முத்திரை குத்தி, அடுக்கி வைத்தாயிற்று. அகதா ஒவ்வொரு டப்பாவையும் மூடும்போது மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். டப்பாவிடமா மெழுகிடமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. கடிதம் எழுதிய துரைசாணியே சிறப்பு விருந்தினர். முழங்கை வரை வெள்ளைக் கையுறை. தலைவர் பேசினார்.

"இந்த டப்பாவுக்காக நாலு மாசம் உழைச்சோம். இந்த நாலு மாசத்துல இந்த வட்டாரத்துல ஒரு முகம்கூட மோசமான டப்பாவால கெட்டுப் போகல. ஏன்னா ஒரு டப்பாவும் விக்க விடல!"

கைதட்டல் அடங்குவதற்குள் துரைசாணி மூடியை இழுத்தார். மூடி வந்தது. டப்பாவும் கூடவே வந்தது. இரண்டுக்கும் நடுவே அரை முழம் நீளத்துக்குப் பாகு போல ஒன்று நீண்டது. புகைவீட்டு வாசனை மண்டபம் முழுக்க எழுந்தது. தலைவர் பாய்ந்து வந்து மறுமுனையைப் பிடித்து இழுத்தார். அவர் விரலும் சேர்ந்துகொண்டது. ராமையா தலைவரை இழுத்தார். துரைசாணி கையுறையை மேடையிலேயே விட்டுவிட்டுப் போனார். கையுறைக்கு வேறு வழி இருக்கவில்லை.

முன் வரிசையில் காளியம்மா சத்தமாகவே கேட்டாள். "ஏன் அகதா, இது முகத்துல பூசவா, முகத்தைப் பேத்தெடுக்கவா?"

மூன்று நாள் கழித்துச் சபை கூடியது. தலைவரின் வலது கையில் ஒரு விரல் இன்னும் பக்கத்து விரலோடு ஒட்டியிருந்தது. அகதா, இப்போதாவது கண்ணாடி ஜாடிக்கு உத்தரவு கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தாள்.

"நடந்ததை ஆராஞ்சோம்," என்றார் தலைவர். "டப்பா மேல எந்தக் குத்தமும் இல்ல. தண்ணி வச்சப்ப நல்லாருந்துச்சு. வெயில்ல நல்லாருந்துச்சு. மாடியிலேருந்து விழுந்தும் நல்லாருந்துச்சு. உங்க மெழுகு பட்டதும்தான் அதுக்கு இந்தக் கதி. நாங்க கலத்தைக் காக்க வந்த சபை. கலத்தைத் தின்னுற பொருளை எப்படி அனுமதிக்கிறது?"

"அப்ப நான் என்னத்தை விக்கிறது ஐயா?"

"டப்பாவை வில்லுங்க. வெறும் டப்பா. முத்திரை குத்தினது. ஒரு தடையும் இல்ல."

தீர்மானம் நிறைவேறியது: அகதா மெழுகு, அங்கீகரிக்கப்பட்ட கலத்துக்கு ஊறு விளைவிப்பதால், முகப்பூச்சாக விற்கத் தகுதியற்றது. தலைவரும் ராமையாவும் இறங்கிப் போனார்கள்.

அகதா எழுந்திருக்கவில்லை. தேதி இருபத்தெட்டு. காலையில் ஐஸ்காரன் தன் வண்டியை அஞ்சடி ஓரமாகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அழலாமா என்று யோசித்தாள். அழுவதற்கும் ஏதாவது அங்கீகாரம் தேவைப்படுமோ என்று பயமாக இருந்தது. யேசுதாசன் எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டப் புஸ்தகத்தைக் கொஞ்சம் பாக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

யேசுதாசன் முதல்தடவையாகத் தலை நிமிர்ந்தார். நல்ல பெரிய கண்கள் அவருக்கு.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே," என்றார்.

தூசியைத் தட்டி அவரே திறந்து வைத்தார். முதல் மூன்று பக்கமும் முகம் என்றால் என்ன என்பது பற்றியே இருந்தன. நெற்றி மயிர் தொடங்கும் இடம் முதல் மோவாய் முடியும் இடம் வரை. ஒரு காது முதல் மறு காது வரை. காதுகள் சேராது.

"காது ஏன் சேராது?"

"காது விஷயத்துல கருத்து வேறுபாடு. அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வச்சிருக்கு."

"கழுத்து?"

"கழுத்தைப் பத்தி சபை இன்னும் நினைக்கல."

அகதா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நினைத்தாள். விடியற்காலை ஈரத்தில் ரப்பர் மரம் சீவிவிட்டு வரும் பெண்கள் முதலில் காட்டுவது முகத்தை அல்ல.

"கால்?"

யேசுதாசனின் பேனா நின்றது. பக்கங்களைப் புரட்டினார். கடைசி வரை புரட்டினார். பின்னட்டையையும் பார்த்தார்.

"கால்னு ஒரு உறுப்பு மனுஷனுக்கு இருக்கிறதாவே இதுல இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் வீட்டுக்காரிக்கு ரெண்டு குதிகாலும் வெடிப்புங்க. முதல் தேதி எத்தனை மணிக்குக் கடை திறப்பீங்க?" என்று கேட்டார்.

டிசம்பர் முதல் தேதி காலை ஏழு மணிக்கு அகதா முக்காலியில் இருந்தாள். பின்னால் ஓர் அட்டை: 'அகதா கால் மெழுகு. குதிகால் வெடிப்புக்கு மட்டும்.' தவுக்கே லியோங் வந்து பேசினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஐஸ்காரனைப் பார்த்துக் கையை விரித்தார். முதல் கரண்டி யேசுதாசனுக்கு. இரண்டாவது கரண்டி எடுப்பதற்குள் காளியம்மா வெற்றிலையை விட்டுவிட்டுக் கூவத் தொடங்கிவிட்டாள்.

"காலுக்கு மட்டும்தாங்க! மூஞ்சியில பூசிராதீங்க! பூசினா பளபளன்னு ஆயிரும், அப்புறம் எங்கள வந்து கேக்கக் கூடாது!"

மத்தியானத்துக்குள் பேசின் காலி. மறுநாள் இரண்டு பேசின். நான்கு மாதம் மெழுகில்லாமல் இருந்த ஊர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குதிகால் வெடித்துவிட்டது. பாரிட் புந்தாரிலிருந்து நெல் வியாபாரத்துக்கு வந்த ஒருவர், பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்கு நிற்கும் தன் மகளின் குதிகாலுக்காக மூன்று கரண்டி வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் தலைவர் அந்தோணிமுத்து வந்தார். கோட்டு, தொப்பி, பூட்ஸ். வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அகதாவின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"விசாரணைக்கு வந்திருக்கேன்," என்றார். "இது காலுக்குத்தானேம்மா?"

"காலுக்குத்தாங்கய்யா."

"முகத்துக்கு இல்லையே?"

"இல்லைங்கய்யா. அட்டையில எழுதியிருக்கு."

தலைவர் அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பையை எடுத்து நீட்டினார்.

"சம்சாரம் நச்சரிக்கிறா. ரெண்டு கரண்டி. அவ காலுக்கு."

அகதா வைத்தாள். அவர் போகவில்லை. தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். ஒட்டாத விரலால் கோப்பையிலிருந்து ஒரு துளி எடுத்து, ஏதோ யோசிப்பவர் போலக் கன்னத்தில் தடவினார். பிறகு மறு கன்னத்தில். பிறகு நெற்றியில், மயிர் தொடங்கும் இடம் வரை. டிசம்பர் வெயில் அந்த முகத்தில் பட்டுக் கடைக்கூரை வரை வெளிச்சம் அடித்தது.

"ரொம்ப நல்லாருக்கும்மா," என்றார், கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. "குதிகால் ரெண்டும் எவ்வளவு மிருதுவாயிருச்சு பாருங்க!"

அகதா மரியாதையாகக் குனிந்து பார்த்தாள். தலைவர் பூட்ஸைக் கழற்றியிருக்கவில்லை.